குடித்தனங்களோடு வந்த வீடு



இன்று உங்களோடு பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் வாடகை வீடு. "படிக்கின்ற பிள்ளைகளுக்கும் வாடகை வீட்டுக்கும் என்ன தொடர்பு? இது பெரியவர்கள் கவலைப்பட வேண்டிய செய்தி அல்லவா?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சற்றே பொறுங்கள். இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலர் மேற்படிப்புக்காகவோ வேலைக்காகவோ வேற்றூர் செல்வீர்கள். அங்கே ஓர் அறையையோ வீட்டின் ஒரு பகுதியையோ வாடகைக்கு எடுப்பீர்கள். அன்று நீங்கள் குடித்தனக்காரர். உங்களில் ஒரு சிலருக்குப் பெற்றோர் வழியாகவோ உறவினர் வழியாகவோ ஒரு வீடு வந்து சேரும். அந்த வீட்டில் முன்பே ஆட்கள் குடியிருக்கவும் கூடும். அன்று நீங்கள் வீட்டுக்காரர். இந்த இரண்டு நிலைகளுக்கும் எந்தப் பள்ளியிலும் பாடம் இல்லை, தேர்வும் இல்லை. தவறு செய்து, பிறரை வருத்தி, அதன் பிறகே கற்றுக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு தலைமையாசிரியர் மாறி மற்றொருவர் வரும்போது ஒரு வழக்கம் உண்டு. அதனைப் பொறுப்பு ஒப்படைத்தல் என்போம். பெஞ்சுகள் எத்தனை, நாற்காலிகள் எத்தனை, கரும்பலகைகள் எத்தனை, நிலப்படங்கள் எத்தனை என்று இருப்புப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணி, எல்லாம் சரியாக இருந்தால் புதியவர் கையொப்பம் இடுவார். நான் ஒரு பள்ளியில் பொறுப்பேற்ற நாளில், பதிவேட்டில் 14 நிலப்படங்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தால் 13 தாம் இருந்தன. அந்த ஒன்று ஒரு பீரோவின் பின்னால் அகப்படும் வரையில் நான் கையொப்பம் இடவில்லை. ஒரு நிலப்படத்துக்காக அத்தனை பிடிவாதம் பிடித்த நான், ஒரு வீடே கைக்கு வந்தபோது எதையும் எண்ணிப் பாராமல் பொறுப்பேற்றுக்கொண்டேன். என்னுடைய பிழைகள் யாவும் அங்கிருந்தே தொடங்கின.

நான் பணியிலிருந்து ஓய்வு பெற்றது 2018ஆம் ஆண்டில். அதே ஆண்டின் இறுதியில் என் பெரியப்பா காலமானார். அவருக்கு மக்கட்பேறு இல்லை. கும்பகோணத்தில் அவருக்கு ஒரு பழைய வீடு இருந்தது. அதனை எனக்கென்று உயில் எழுதி வைத்திருந்தார். முன்புறம் திண்ணையும் ரேழியும், நடுவில் முற்றமும், பின்கட்டில் கிணறும் கொண்ட வீடு. அதில் மூன்று குடித்தனங்கள் இருந்தன. முன்கட்டில் ஒரு தையற்காரர் குடும்பம். அங்கேயே இயந்திரம் போட்டுத் தைத்தும் வந்தார். நடுக்கட்டில் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் அவருடைய மனைவியும். பின்கட்டில் அப்பளம் இட்டு விற்றுப் பிழைக்கும் ஓர் அம்மாளும், பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகளும். வாடகை முறையே 4,000, 3,500, 2,000 ரூபாய். அந்த அம்மாள் 2006ஆம் ஆண்டில், கணவரை இழந்த சில திங்களில், கைக்குழந்தையோடு அங்கே குடிவந்தவர்.

நான் தஞ்சாவூரில் வசிப்பவன். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு தரகரை அமர்த்துமாறு நண்பர்கள் சொன்னார்கள். "ஆயிரம் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவனுக்கு மூன்று குடித்தனங்கள் ஒரு பொருட்டா?" என்று நானே மேற்பார்வை செய்ய முடிவு செய்தேன். முதல் வேலையாக, அக்கம்பக்கத்து வாடகையை விசாரித்தேன். பெரியப்பா வாங்கியது அதில் பாதிக்குச் சற்றே மிகுதி. உடனே மூவருக்கும் ஒரே மாதிரியான கடிதம் எழுதினேன். அடுத்த திங்கள் முதல் வாடகை இத்தனை. விருப்பம் இல்லாதவர்கள் காலி செய்துகொள்ளலாம். இதுவே அதன் சாரம். பள்ளியில் சுற்றறிக்கை விடுவதைப் போலவே அதையும் விட்டேன்.

அக்கடிதம் சட்டத்துக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது என்பதைப் பின்னரே அறிந்தேன். முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம்.

நம் நாட்டில் 1882ஆம் ஆண்டிலேயே சொத்துரிமை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டின் உடைமை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுவதனால் மட்டும் குடியிருப்பவருடைய உரிமை முடிந்துவிடுவதில்லை என்பது அச்சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. புதிய வீட்டுக்காரர் பழைய வீட்டுக்காரருடைய இடத்தில் வந்து நிற்கிறார். அவருக்கு இருந்த உரிமைகள் இவருக்கு வருகின்றன; அவருக்கு இருந்த கடமைகளும் கூடவே வருகின்றன. வீடு கைமாறியது தெரியாமல் ஒருவர் பழைய உரிமையாளருக்கே வாடகை செலுத்தியிருந்தால், அதனை மறுபடியும் செலுத்துமாறு அவரைக் கேட்க இயலாது. ஆகவே, புதிதாக வருபவருடைய முதற்கடமை வாடகையை உயர்த்துவதன்று. "இந்த வீடு இன்ன வகையில் எனக்கு வந்துள்ளது, அதற்குரிய சான்று இது, இனி வாடகையை இன்ன முறையில் செலுத்துங்கள்" என்று எழுத்து மூலம் அறிவிப்பதே ஆகும். நீங்கள் குடித்தனக்காரராக இருக்கும்போது, "நான்தான் புதிய வீட்டுக்காரர்" என்று ஒருவர் வந்து நின்றால், வாடகையைக் கொடுப்பதற்கு முன் அந்தச் சான்றைப் பணிவோடு கேளுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நகரங்களில் வீடு கிடைப்பது அரிதாயிற்று. வாடகைக் கட்டுப்பாடு அப்பொழுது தோன்றியது. சென்னை மாகாணத்தில் 1946, 1949 ஆகிய ஆண்டுகளில் அதற்கெனச் சட்டங்கள் வந்தன. பின்னர் 1960ஆம் ஆண்டுச் சட்டம் வந்து நெடுங்காலம் நிலைத்தது. அதன் இடத்தில், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இரு சாராரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புறங்களில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். அதனை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். வாடகையை உயர்த்துவதானால் மூன்று திங்களுக்கு முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். குடியிருப்பவரை வெளியேற்ற விரும்பினால் வாடகை நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். கதவைப் பூட்டுவதும், தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதும் குற்றமாகும். என் கடிதம் எழுதப்பட்ட அதே காலத்தில்தான் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாளிதழில் அதைப் பற்றிய செய்தியைப் படித்தும், அது எனக்கு உரியது என்று எனக்குத் தோன்றவில்லை!

கடிதம் கிடைத்த வாரம் நான் கும்பகோணம் சென்றேன். முதலில் தையற்காரர் வந்தார். "ஐயா, போன ஆண்டு கிணற்று மோட்டார் எரிந்துபோனது. பெரியவர் என்னையே பழுது பார்க்கச் சொன்னார். 7,200 ரூபாய் ஆயிற்று. வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்" என்றார். "எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்டேன். இல்லை என்றார். "எழுத்தில் இல்லாததை நான் எப்படி ஏற்பது?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்து அப்பளக்கார அம்மாள் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "குடிவந்தபோது 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன் ஐயா. பெண் பள்ளிப் படிப்பை முடிக்கும் வரை வாடகையை ஏற்றமாட்டேன் என்று பெரியவர் சொல்லியிருந்தார். நீங்கள் காலி செய்யச் சொன்னால் செய்கிறேன், அந்தப் பணத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள்" என்றார். அவரிடமும் ரசீது இல்லை. அன்று இரவு பேருந்தில் திரும்பும்போது, இவர்கள் எல்லோரும் பெரியப்பா இறந்ததைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்றே எண்ணினேன்.

சில நாட்களுக்குப் பின் பெரியப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். ஆண்டுக்கு ஒன்றாகச் சிறு குறிப்பேடுகள் இருந்தன. 2018ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில், அவருடைய கையெழுத்தில், "மோட்டார் பழுது 7,200, தையற்காரர் கொடுத்தார், வாடகையில் கழிக்க" என்று இருந்தது. நான் தலைகுனிந்தேன். மறுவாரமே சென்று தையற்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். மூவருக்கும் விடுத்த கடிதத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதன் பிறகே, முதல் நாளில் செய்திருக்க வேண்டிய வேலையை, அதாவது இருப்புப் பதிவேடு எழுதும் வேலையைத் தொடங்கினேன்.

ஒரு வீட்டைக் குடித்தனங்களோடு பெறுபவர் மூன்று பதிவேடுகளை எழுதவேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, மனிதர்களின் பதிவேடு. யார் குடியிருக்கிறார்கள், எத்தனை பேர், எந்த ஆண்டு வந்தார்கள், என்ன வாடகை, எந்தத் தேதியில் கொடுப்பது வழக்கம், ஆபத்துக்கு யாருக்குச் செய்தி சொல்வது ஆகியவற்றை அவர்களிடமே கேட்டு எழுதவேண்டும்.

இரண்டாவது, பொருள்களின் பதிவேடு. வீட்டைக் கூரை முதல் சாக்கடை வரை சுற்றிப் பார்த்து எழுதவேண்டும். கொத்தனார் ஒருவரையும் மின்பணியாளர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வது நலம். எங்கள் வீட்டுப் பின்கட்டின் மேல்தளம், மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ். அதன் கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. பார்ப்பதற்குச் சிறியது. அதன் வேர் சுவருக்குள் இறங்கி வெடிப்பை உண்டாக்க, அவ்வெடிப்பின் வழியே மழைநீர் இறங்கி, உத்தரம் ஒன்று உளுத்திருந்தது. அதன் கீழேதான் தாயும் மகளும் படுத்து உறங்கினார்கள். "எத்தனை நாளாக ஒழுகுகிறது?" என்று கேட்டேன். "மூன்று மழைக்காலமாக" என்றார் அம்மாள். "ஏன் சொல்லவில்லை?" என்றேன். "சொன்னால் வாடகையை ஏற்றிவிடுவார்களோ என்று பயம்" என்றார். குறைந்த வாடகைக்கு அவர் என்ன விலை கொடுத்துவந்தார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பதில் பல வீடுகளில் சண்டை வருகிறது. புதிய சட்டம் அதற்கு ஒரு பட்டியலே தந்திருக்கிறது. வேறு வகையாக ஒப்பந்தம் இல்லாதபோது, கட்டுமானப் பழுது, வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், மின்கம்பி இணைப்புகள் ஆகியவை வீட்டுக்காரரைச் சேர்ந்தவை. குழாய்த் திருகு, சாக்கடை அடைப்பு, மின்விசைப் பொத்தான், பூட்டு, தாழ்ப்பாள், சன்னற் கண்ணாடி போன்ற அன்றாடச் சிறு பழுதுகள் குடியிருப்பவரைச் சேர்ந்தவை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகையால் அந்த ஆண்டு செப்டம்பருக்குள், அரசங்கன்றை வேரோடு எடுத்து, உத்தரத்தை மாற்றி, தளம் போட்டு முடித்தேன். 62,000 ரூபாய் செலவாயிற்று. வேலைக்கு முன்னும் பின்னும் பின்கட்டுக்குச் செல்லவேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் முதல் நாளே எழுத்து மூலம் தெரிவித்துவிட்டே சென்றேன். 24 மணி நேரத்துக்கு முன் அறிவித்தல் வேண்டும் என்பது சட்டம். சட்டம் சொல்லாவிட்டாலும், சுவர் நம்முடையதாக இருக்கலாம். அதற்குள் நடக்கும் வாழ்க்கை அவர்களுடையது அல்லவா?

மூன்றாவது பதிவேடுதான் கடினமானது. அது வாக்குறுதிகளின் பதிவேடு. பழைய வீட்டுக்காரர் என்னென்ன சொல்லியிருந்தார், என்னென்ன வாங்கியிருந்தார் என்பதன் கணக்கு அது. இங்கேதான் அம்மாளின் 10,000 ரூபாய் குறுக்கே நின்றது. 2006ஆம் ஆண்டுக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். பாதிக்கு மேல் கரையான் அரித்திருந்தது. அவர் குடிவந்த திங்களுக்குரிய பக்கங்களே இல்லை.

என்ன செய்வது? கணக்கு ஆசிரியனைப் போல் எண்ணிப் பார்த்தேன். மற்ற இருவருடைய முன்பணம் வேறு குறிப்பேடுகளில் இருந்தது. இருவரும் பத்துத் திங்கள் வாடகையைக் கொடுத்திருந்தனர். நம் ஊர்களில் நெடுநாள் இருந்த வழக்கம் அது. 2017ஆம் ஆண்டுச் சட்டமோ, வேறு வகையாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று திங்கள் வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அம்மாளின் தொடக்க வாடகை 1,000 ரூபாய். ஆகவே பத்துத் திங்களுக்கு 10,000. அவர் சொன்ன தொகை வழக்கத்தோடு பொருந்தியது. ஆனால் இதற்கு எதிரான எண்ணமும் எழுந்தது. கணவரை இழந்து கைக்குழந்தையோடு வந்து நின்ற பெண்ணிடம் பெரியப்பா முன்பணமே வாங்காமல் விட்டிருக்கவும் கூடும். அவர் அப்படிச் செய்யக்கூடிய மனிதரே. அஞ்சல் துறைப் பெரியவரைக் கேட்டேன். "அந்த அம்மாள் குடிவந்த புதிதில் வளையல்களை அடகு வைத்தது எனக்குத் தெரியும். எதற்காக என்று நான் கேட்கவில்லை" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

பள்ளியில் ஒரு பிள்ளை, "கட்டணம் கட்டிவிட்டேன் ஐயா, ரசீது தரவில்லை" என்று சொன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பிள்ளை பொய் சொல்கிறதா என்று ஆராய்வதற்கு முன், ரசீது கொடுக்க வேண்டியவர் கொடுத்தாரா என்றுதானே விசாரித்திருப்பேன்? பெரியப்பா யாருக்கும் ரசீது கொடுத்தவர் அல்லர். எழுதிக் கொடுக்க வேண்டிய கடமை எங்கள் பக்கத்தில் இருந்தது. அந்தக் கடமை தவறியதன் நட்டத்தை, பெற்றுக்கொள்ள வேண்டியவர் தலையில் சுமத்துவது முறையன்று. பெரியப்பாவின் வீட்டை ஏற்றுக்கொண்டவன் அவர் விட்டுச்சென்ற இந்தக் குறையையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். எனவே, "முன்பணம் 10,000 ரூபாய் என்னிடம் உள்ளது" என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பம் இட்டேன். மகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் 2021 வரை வாடகை 2,000 ரூபாய். அதன் பின் ஆண்டுக்கு 300 ரூபாய் கூடும் என்றும் எழுதினோம். அந்தத் தொகை உண்மையில் கொடுக்கப்பட்டதா என்பதற்கு இன்றும் என்னிடம் சான்று இல்லை. ஆயினும் அந்த முடிவைக் குறித்து நான் வருந்தியதில்லை.

இதைக் கேட்டு, நல்ல வீட்டுக்காரர் என்றால் எல்லாவற்றுக்கும் இணங்கிப் போகிறவர் என்று நீங்கள் எண்ணிவிடக்கூடாது. அதுவும் பிழையே. அந்தப் பிழையையும் நான் செய்தேன். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா ஊரடங்கு வந்தது. தையற்காரருடைய இயந்திரம் நின்றது. அவருக்கு இழைத்த பழைய அவமரியாதை என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. ஆகவே அவர் வாடகையைப் பற்றிப் பேச்செடுக்கும் போதெல்லாம், "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றே சொல்லி வந்தேன். ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை ஐந்து திங்கள் வாடகை, 20,000 ரூபாய், நின்றுபோயிற்று. அதன் பின் அந்தந்தத் திங்கள் வாடகையை எப்படியோ கொடுத்தார்; ஆனால் நான் வருகிறேன் என்று தெரிந்தால் வெளியே போய்விடுவார். சொந்தக் குடித்தனத்தில் அவர் ஒளிந்து வாழும்படி ஆயிற்று. "பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லில் இரக்கம் இருந்தது, கணக்கு இல்லை. எவ்வளவு, எப்போது, எப்படி என்று தெரியாத கடன் மனிதனை அரித்துவிடும்.

ஒருநாள் அவரை உட்கார வைத்துப் பேசினேன். ஒரு திங்கள் வாடகையான 4,000 ரூபாயை விட்டுவிடுவது. மீதி 16,000 ரூபாயை, 2021 சனவரி முதல் திங்களுக்கு 1,000 ரூபாயாக 16 தவணைகளில் செலுத்துவது. ஒவ்வொரு தவணைக்கும் ரசீது. இப்படி எழுதி இருவரும் கையொப்பம் இட்டோம். 2022 ஏப்ரலில் கடைசித் தவணையைக் கொடுத்தார். இரக்கத்தையும் எழுதி வைத்தால்தான் அது இருவருக்கும் பயன்படும் என்பதை அன்று அறிந்தேன்.

இனி, வாடகை என்பது முழுவதும் வருமானம் அன்று என்பதையும் ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். மூன்று குடித்தனங்களிலும் சேர்த்துத் திங்களுக்கு 9,500 ரூபாய். ஆண்டுக்கு 1,14,000 ரூபாய். சொத்து வரி முதலியவற்றுக்கு 6,000 ரூபாய் போக 1,08,000. மேல்தளத்துக்கு 62,000 ரூபாய் செலவான அந்த ஆண்டில் கையில் நின்றது 46,000 ரூபாய் மட்டுமே. வருமான வரிக்காரர்கள் இந்த உண்மையை ஒருவாறு உணர்ந்திருக்கிறார்கள். வாடகையிலிருந்து உள்ளாட்சிக்குக் கட்டிய வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்பு முதலியவற்றுக்காகத் தள்ளி, எஞ்சியதையே வருமானமாகக் கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் 32,400 தள்ளினால் 75,600 ரூபாய். மெய்யான செலவு அதனினும் கூடினாலும் குறைந்தாலும் தள்ளுபடி அவ்வளவே. ஆகவே ஆண்டுதோறும் இரண்டு திங்கள் வாடகையான 19,000 ரூபாயைப் பழுதுக்கென்று தனியே ஒதுக்கி வைக்கத் தொடங்கினேன். வாடகை முழுவதையும் சாப்பிட்டுவிடுகிற வீட்டுக்காரர், சிறிது சிறிதாகத் தம் வீட்டையே சாப்பிடுகிறார்.

இப்போது உங்களுக்கு உரிய பகுதிக்கு வருகிறேன். நாளை வேற்றூரில் ஓர் அறை எடுக்கும்போது, குடிபுகும் நாளிலேயே சுவர், குழாய், விளக்கு, கதவு ஆகியவற்றின் நிலையை வீட்டுக்காரரோடு சேர்ந்து பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இக்காலத்தில் உங்கள் கையிலேயே நிழற்படக் கருவி இருக்கிறது. படம் எடுத்து வையுங்கள். முன்பணம் கொடுத்தால் ரசீது கேளுங்கள். முடிந்தால் வங்கி வழியாகச் செலுத்துங்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையொப்பம் இடுங்கள். பல ஒப்பந்தங்கள் 11 திங்களுக்கு எழுதப்படுவது ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்ப்பதற்கென்றே 11 திங்கள் வழக்கம் ஏற்பட்டது. ஆனால் வாடகை அதிகாரியிடம் செய்ய வேண்டிய பதிவு வேறு. 11 திங்கள் என்பதனால் அது நீங்கிவிடாது. ஒழுகினால் உடனே சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். பயந்து மறைத்தால் கூரையும் கெடும், நீங்களும் துன்புறுவீர்கள். வாடகை கொடுக்க இயலாத திங்கள் வந்தால், ஒளியாமல் முன்கூட்டியே சொல்லி, ஒரு நாளைக் குறிப்பிட்டு, அந்நாளில் கொடுங்கள்.

நாளை உங்களுக்கே ஒரு வீடு வந்தால், சொத்து வரியையும் மின் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள். உடன்பிறந்தவர்களுக்கும் பங்கு இருந்தால், வாடகை வாங்குவது யார் என்பதை எல்லோரும் எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். இவற்றோடு, குடியிருப்பவர்களைப் பார்த்து, "உங்களுக்கு முன்னவர் என்ன சொல்லியிருந்தார்?" என்று கேளுங்கள். பதிலில் சில உங்களுக்குச் செலவு வைக்கும். ஆயினும் கேளுங்கள். வகுப்பின் நடுவே பொறுப்பேற்கும் ஆசிரியர், முன்னவர் எதுவரை நடத்தினார் என்று பிள்ளைகளைக் கேட்காமல் பாடத்தைத் தொடங்க முடியாது அல்லவா?

2024ஆம் ஆண்டில் அம்மாளின் மகள் பட்டப்படிப்பை முடித்தார். திருச்சிராப்பள்ளியில் வேலை கிடைத்தது. தாயும் மகளும் அங்கே குடிபோனார்கள். புறப்படும் நாளில் நான் சென்று, பதிவேட்டைத் திறந்து, இருவரும் ஒவ்வோர் அறையாகப் பார்த்துச் சரியென்று குறித்தோம். சன்னல் தாழ்ப்பாள் ஒன்று உடைந்திருந்தது. "அதற்கு உரியதைக் கழித்துக்கொள்ளுங்கள் ஐயா" என்றார் அம்மாள். 150 ரூபாய் கழித்து 9,850 ரூபாயைக் கொடுத்தேன். அந்த 150 ரூபாயை விட்டுவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் அதை ஏற்கமாட்டார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. பணத்தை எண்ணிப் பார்த்தார். பின்பு மகளைப் பார்த்து, "ரசீது எழுதிக் கொடு, அம்மா, ஐயாவுக்கு வேண்டும்" என்றார்.

அந்த ரசீது இன்றும் என் பதிவேட்டில் இருக்கிறது.